கல்லாய் நின்று காக்கும் முன்னோர்
சவ்வாது மலைச் சாரலில் தொல்குடி மக்களின் வாழ்வும் வீரமும் வழிபாடும்

திருவண்ணாமலையில் அண்ணாமலையாரை வணங்கி, மேற்றிசையில் செங்கம் நோக்கிச் செல்லும் மெய்யன்பர்களுக்கு வடபால் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒன்று புலனாகும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய சவ்வாது மலையே அது. இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் அது பரந்துள்ளது. தொண்டை நாட்டை வளப்படுத்தும் செய்யாறு பிறப்பது இம்மலையிலேயாம். சாமையும் தேனும் புளியும் பலாவும் இம்மலையின் செல்வங்கள். செங்கத்து இடபேசுவரரையும் பருவதமலை மேல் எழுந்தருளியுள்ள மல்லிகார்ச்சுனரையும் வழிபட வருவோர் இம்மலையின் நிழலிலேயே பயணம் செய்கின்றனர்.

அவ்வாறு செல்வோர் வழியோரத்து வேப்பமரத்தடியில் கோபுரமும் மதிலும் இல்லாத சிறு கோயில்கள் பலவற்றைக் காணலாம். ஒரு பலகைக் கல்லில் வில்லும் வாளும் ஏந்திய வீரன் நிற்பான். ஊரார் அவனை வேடியப்பன் என்பர். மலைமேல் உள்ள சிற்றூர்களிலோ, கையளவான மழமழப்பான கருங்கற்கள் குவியலாக வைக்கப்பட்டு, மஞ்சளும் குங்குமமும் பெற்றுப் பிள்ளையாராக விளங்கும். பெருங்கோயில்களை நாடிச் செல்வோர் இவற்றைச் சிறு தெய்வங்கள் என்று எண்ணிக் கடந்து விடுகின்றனர். ஆயினும், பண்டைத் தமிழ் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எதன்பொருட்டுப் போர் செய்தனர், இறப்பைப் பற்றி என்ன எண்ணினர் என்னும் வினாக்களுக்கு விடை கூறுவன இக்கற்களே என்பது அறிந்து போற்றத் தக்கதாகும்.

பிள்ளையாராக வீற்றிருக்கும் கற்கோடரி

மலைமக்கள் பிள்ளையாராக வழிபடும் அக்கற்களை ஆராய்ந்த தொல்லியலார், அவை புதிய கற்காலத்து மக்கள் செய்த கற்கோடரிகள் என்று கண்டனர். இரும்பையும் செம்பையும் அறியாத காலத்தில், கடினமான கருங்கல்லைத் தேர்ந்து, முதலில் சில்லுகளாகப் பெயர்த்து உருவாக்கி, பின்னர்ப் பொளிந்து, இறுதியில் மணலும் நீரும் இட்டுத் தேய்த்து, கூர்மையான வாய் அமையுமாறு செய்யப்பட்டவை அவை. ஒரு கோடரியைச் செய்து முடிக்கப் பன்னாள் உழைப்பு வேண்டும். மரக்காம்பில் செருகிக் கட்டிய அக்கருவியைக் கொண்டே காடு திருத்தினர்; கழனி கண்டனர்; குடில் அமைத்தனர்.

இம்மலையின் மேற்குப் புறத்தே, திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1964-65, 1967-68 ஆகிய ஆண்டுகளில் நடுவணரசின் தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்தனர். புதிய கற்கால மக்கள் நிலத்தில் குழி தோண்டி, அதன்மேல் கூரை வேய்ந்து வாழ்ந்த இருப்பிடங்கள் அங்கு வெளிப்பட்டன. கையால் வனைந்த மட்கலங்களும் தீய்ந்த கொள்ளு, பச்சைப்பயறு மணிகளும் கிடைத்தன. இன்று நம் வீட்டு அடுப்பில் வேகும் கொள்ளும் பயறும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மலையடிவாரத்தில் விளைந்தன என்பது வியப்புக்குரியதன்றோ?

பின்னர் இரும்பு வந்தது. அண்டையிலுள்ள கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் நிகழ்ந்த அகழாய்வில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, அங்கு இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பழமையுடையது என்று 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. இரும்பு பரவியபின் கற்கோடரிகள் கைவிடப்பட்டு மண்ணுள் மறைந்தன.

சவ்வாது மலையில் இன்று வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்தோர் என்று வழிவழியாகக் கூறுவர். அவர்கள் ஏர் உழும்போது அக்கற்கள் கிடைத்தன. யார் செய்தவை, எதற்குச் செய்தவை என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆயினும், மனிதக் கைபட்ட அந்த மழமழப்பும் முக்கோண வடிவும் அவற்றை எறிந்துவிட மனம் கொள்ளச் செய்யவில்லை. எடுத்து வந்து மரத்தடியில் வைத்து வணங்கினர். ஐரோப்பிய நாட்டு உழவர்களும் இத்தகைய கற்களை இடியோடு விண்ணிலிருந்து விழுந்தவை என்று நம்பி வீட்டில் வைத்துக் காத்தனர் என்பது ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. முன்னோர் கைப்பொருளில் தெய்வத் தன்மை உண்டு என்னும் உணர்வு உலகப் பொதுவானது போலும்!

மலைபடுகடாம் காட்டும் வாழ்வு

கற்கோடரிக் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், சங்க காலத்தில் இம்மலைச் சாரல் எவ்வாறு இருந்தது என்பதைப் பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் காட்டுகின்றது. செங்கண்மா என்று அக்காலத்தில் வழங்கிய செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னன்சேய் நன்னன் என்னும் குறுநில மன்னனைப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது அந்நூல். 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர்க்கு அம்மன்னனிடம் செல்லும் வழியைக் கூறுவதாக அது அமைந்துள்ளது. நவிரமலை மேல் உறையும் காரியுண்டிக் கடவுளையும் அந்நூல் போற்றுகின்றது. அந்நவிரமலையே இன்றைய பருவதமலை என்பர் அறிஞர்.

வழி கூறும் கூத்தன் தன் கேளிரைக் காக்கும் பரிவோடு பேசுகின்றான். காட்டுப் பன்றியைப் பிடிக்கப் புனத்தின் நுழைவாயில்களில் பெருங்கற்பொறிகள் மாட்டப்பட்டுள்ளன. ஆதலால் இருளில் செல்லாது பகலில் செல்லுங்கள் என்கின்றான். யானையை ஓட்டக் கானவர் பரண்மேல் நின்று வீசும் கவண்கற்கள் விரைந்து வரும். மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கின்றான். மலைச் சிற்றூர்களில் நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும். கோவலர் குடியிருப்பில் கேளாமலே பால் தருவர். தோலால் ஆன படுக்கை தருவர். விலங்குகள் அணுகாதிருக்கத் தீ மூட்டி, அதனைத் துணையாகக் கொண்டு உறங்கலாம் என்கின்றான். முன்பின் அறியாத வழிப்போக்கர்க்கும் உணவும் உறையுளும் அளித்த விருந்தோம்பற் பண்பு இதனால் விளங்கும்.

மலையில் எழும் ஓசைகள் பலவற்றையும் அந்நூல் அடுக்கிக் கூறுகின்றது. தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு ஓரிடத்தில் கேட்கும். புலி பாய்ந்து கிழித்த கணவனின் மார்புப் புண் ஆறுவதற்குக் காப்பாகக் குறமகள் பாடும் பாட்டு மற்றோரிடத்தில் கேட்கும். மருந்து மட்டும் போதாது, அன்பும் இறைவேண்டலும் கலந்த பாட்டும் வேண்டும் என்று அம்மகளிர் நம்பினர். இன்றும் நோயுற்றார்க்காகத் திருப்பதிகம் ஓதும் மரபு நம்மிடையே உண்டு.

இறந்தார்க்கு அமைத்த இல்லம்

இருப்போர்க்குக் குழியும் குடிலும் போதும் என்றிருந்த அம்மக்கள், இறந்தோர்க்குக் கல்லாலேயே இல்லம் அமைத்தனர். பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே மூடுகல் இட்டு அமைத்த கற்றிட்டைகள் சவ்வாது மலையில் பல உள்ளன. கீழ்ச்செப்பிலி போன்ற மலைச் சிற்றூர்களில் அவை கூட்டமாகக் காணப்படுகின்றன. பக்கக் கல் ஒன்றில் வட்டமான துளை இடப்பட்டிருப்பதும் உண்டு. உருவிற் சிறியனவாக இருத்தலால் இவற்றைக் குள்ளர் வீடு என்றும், வாலியர் வீடு என்றும், பாண்டவர் வீடு என்றும் நாட்டு மக்கள் கூறுவர். உண்மையில் அவை பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் கிழக்கே, வந்தவாசிப் பகுதியிலுள்ள கீழ்நமண்டியில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த அகழாய்வில் சுடுமண் ஈமப்பேழைகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் காலம் கி.மு. 1692 என்று 2025ஆம் ஆண்டில் வெளியான தமிழக அரசின் ஆய்வறிக்கை கூறுகின்றது. இத்தகைய ஈமச்சின்னங்களில் இறந்தவரோடு மட்கலங்களையும் கருவிகளையும் வைத்து அடக்கம் செய்தனர். இறப்பு முடிவன்று, அதன் பின்னும் ஒரு வாழ்வு உண்டு, அவ்வாழ்விலும் பசியும் தொழிலும் உண்டு என்று அவர்கள் எண்ணியமை இதனால் புலப்படும்.

ஆநிரையும் போரும்

பண்டைத் தமிழில் மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்பது பொருள். மலைச்சாரல் மக்களுக்கு உழவினும் ஆநிரையே பெருஞ்செல்வமாக இருந்தது. ஆதலின் பகைவரின் ஆநிரையைக் கவர்தலே போரின் தொடக்கமாயிற்று. வெட்சிப்பூச் சூடி நிரை கவர்தலும், கரந்தைப்பூச் சூடி அதனை மீட்டலும் பண்டைப் போர்முறைகள். விராட நகரத்து ஆநிரையைக் கௌரவர் கவர்ந்ததும், பேடி வடிவில் இருந்த பார்த்தன் அதனை மீட்டதும் பாரதக் கதை கேட்ட அன்பர்கள் அறிந்தனவே. கடல் கடந்த அயர்லாந்து நாட்டின் பழங்காவியம் ஒன்றும் ஒரு காளையைக் கவரும் போரையே பொருளாகக் கொண்டது.

நிரை மீட்கும் போரில் உயிர் துறந்தவன் பெரும்பாலும் மன்னன் அல்லன். ஊர்க்காவலன், இளமகன், மாடு மேய்ப்பவன். அவன் ஊருக்காக இறந்தான். ஊர் அவனை மறத்தல் தகுமோ? ஆகவே அவனுக்குக் கல் நட்டனர். வழிகள் பிரியும் இடங்களில், புறங்காட்ட நாணி உயிர் கொடுத்த மறவரின் பெயரோடு நட்ட கற்கள் மிகப் பல உண்டு என்றும், அவற்றின் முன்னே கருவிகளை இசைத்து வழிபட்டுச் செல்லவேண்டும் என்றும் மலைபடுகடாத்துக் கூத்தன் கூறுகின்றான். ஆகவே இச்சாரலில் நடுகல் வழிபாடு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பது தெளிவு.

எடத்தனூர்க் கல்லும் ஒரு நாயின் பெயரும்

இலக்கியம் கூறியதைக் கல்லிலேயே கண்டு மெய்ப்பித்த பெருமை தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையைச் சாரும். செங்கம் வட்டாரத்து ஊர்தோறும் தேடி நடுகற்களைக் கண்டறிந்த அத்துறை, டாக்டர் இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகளைக் குறித்து, வட்டெழுத்தில், தமிழ் மொழியில் பொறிக்கப்பட்ட கற்கள் பல அதனால் வெளிவந்தன. அரண்மனைச் செப்பேடுகளில் வடமொழி ஓங்கியிருந்த காலத்தில், ஊர் மக்கள் தம் வீரனைத் தம் மொழியிலேயே எழுதி வைத்தனர்.

எழுத்தின் நடை மிகச் சுருக்கமானது. இன்ன மன்னனின் இன்ன ஆண்டில், இன்னாரின் வீரன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்பதே செய்தி. தொறு என்பது ஆநிரை. பட்டான் என்பது இறந்தான். புகழுரை இல்லை, அழுகை இல்லை. ஆனால் பெயர் இருக்கும். சிற்பத்தில் வீரனின் உடலில் அம்புகள் தைத்திருத்தலும், காலருகே கெண்டியும் சிமிழும் இருத்தலும் காணலாம். புலியோடு பொருது இறந்தவர்க்கும், பயிரை அழித்த பன்றியைக் குத்தி இறந்தவர்க்கும் எடுத்த கற்கள் தமிழகத்தில் உள்ளன.

இவற்றுள் எடத்தனூர்க் கல் நெஞ்சை உருக்குவது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவகத்தி என்னும் இளமகன் எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர் துறந்தான். அவனோடு இருந்தது கோவிவன் என்னும் அவன் நாய். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. ஊரார் வீரனைச் செதுக்கியதோடு நிற்கவில்லை. அவனருகே நாயையும் செதுக்கினர். அதன் பெயரையும் செயலையும் தனியே எழுதினர். மகேந்திரவர்மன் குடைவித்த கற்றளிகளை உலகம் அறியும். அதே காலத்தில் ஒரு மலைச்சாரல் ஊர், நன்றி மறவாத நாய்க்கு நன்றி மறவாது கல்வெட்டு எடுத்தது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போரிட்டு மாண்ட சேவற்கோழிக்கும் கல் உண்டு. அறத்தின்முன் உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்பதில்லை, மனிதன் விலங்கு என்பதும் இல்லை என்னும் எண்ணம் இவற்றால் விளங்குகின்றது.

கல் தெய்வமாகும் முறை

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு துறைகளாக வகுத்துள்ளது. தகுந்த கல்லைத் தேர்ந்து காணுதல் காட்சி, அதற்கு நாள் கொள்ளுதல் கால்கோள், கல்லை நீராட்டுதல் நீர்ப்படை, பின்னர் நடுதல், படையல் இட்டுச் சிறப்புச் செய்தல் பெரும்படை, இறுதியில் வாழ்த்துதல். கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் கல் எடுத்த வரலாற்றைக் கூறும் சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்துக் காதைகளும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்றே பெயர் பெற்றுள்ளன.

இன்று ஒரு திருக்கோயிலில் திருவுருவம் நிறுவும் முறையை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. குற்றமற்ற கல்லைத் தேர்கின்றனர், நல்ல நாள் குறிக்கின்றனர், திருவுருவை நீரில் வைக்கின்றனர், பீடத்தில் நிறுவுகின்றனர், அமுது படைக்கின்றனர், போற்றிப் பாடுகின்றனர். ஆகம நெறி தனக்குரிய விரிவும் நுட்பமும் உடையது. எனினும் தமிழர் கல்லைத் தெய்வமாகக் கொண்ட முறையும் இதனை ஒத்தே நடந்தது என்பதை அன்பர்கள் உணர்தல் வேண்டும். நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறுகலத்தில் கள் படைத்ததைப் புறநானூற்றில் ஒளவையார் பாடியுள்ளார். பீலியும் கள்ளும் போய்ப் பூமாலையும் பொங்கலும் வந்தன. வழிபடும் நெஞ்சம் மாறவில்லை. அந்நடுகல் வீரர்களே இன்று வேடியப்பனாக நின்று ஊரைக் காக்கின்றனர்.

காத்ததும் வழிபாடே, இனிக் காக்க வேண்டியதும் வழிபாடே

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் நட்ட ஒரு கல் இன்றுவரை நிற்பதற்குக் காரணம் யாது? அரசும் சட்டமும் அதனைக் காக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன்னெல்லாம் அதனைக் காத்தது ஊராரின் பத்தியே. எழுத்தைப் படிக்க அறியாதவர்கள், வீரனின் பெயரையும் மறந்தவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் வைத்து, அக்கல்லைப் பெயர்க்காமலும் உடைக்காமலும் தலைமுறை தலைமுறையாக ஒப்படைத்தனர். கற்கோடரிகளைக் காத்ததும் அவர்களே.

ஆயின் அதே பத்தி, அறிவின் துணை இல்லாதபோது அழிவுக்கும் காரணமாகி விடுகின்றது. சிறு கோயிலைப் பெரிதாக்கித் திருப்பணி செய்ய விரும்புவோர், பழைய கல் தேய்ந்துவிட்டது என்று அதனை அகற்றிவிட்டுப் புதிய சிலை வைக்கின்றனர். எண்ணெய் வண்ணம் தீட்டுகின்றனர். சிமெண்ட்டுப் பூச்சால் எழுத்துகளை மூடுகின்றனர். தளம் போடும்போது கல்லின் அடிப்பகுதியைப் புதைக்கின்றனர். புதையல் இருக்கும் என்னும் பேராசையால் கற்றிட்டைகளைத் தோண்டிச் சிதைப்போரும் உண்டு. அங்கு இருப்பன மட்கலமும் எலும்பும் துருப்பிடித்த இரும்புமே; பொன்னைத் தேடியவர் பெறுவது முன்னோர் இல்லத்தை இடித்த பழி ஒன்றே. ஓர் எழுத்து மறைந்தால் ஒரு வீரனின் பெயர் மறைகின்றது. கருந்தேவகத்தியின் பெயரும் கோவிவனின் பெயரும் சிமெண்ட்டில் மறைந்திருந்தால், அவர்களை இன்று யார் அறிவார்?

ஆதலின் திருக்கோயில் அன்பர்களும் ஊர்ப் பெரியோர்களும் சிலவற்றை நெஞ்சில் கொள்ளுதல் நலம். பழைய கல் எதுவாயினும் அதனை இருந்த இடத்திலேயே வைத்து வழிபடுக; அது நின்ற இடமும் வரலாறு கூறும். திருப்பணி செய்யும்போது அதன்மேல் வண்ணமோ பூச்சோ படாமல் காக்க. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கக் கம்பித் தூரிகையோ உளியோ கொண்டு சுரண்டற்க. எழுத்துகள் தென்பட்டால் தொல்லியல் துறைக்கோ வட்டாட்சியர்க்கோ கிராம நிர்வாக அலுவலர்க்கோ தெரிவிக்க. புதிய சிலை வைக்க விரும்பினால் பழைய கல்லையும் அருகிலேயே வைத்துப் பூசனை செய்க. படிக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, இவர் நம் ஊருக்காக உயிர் கொடுத்தவர் என்று காட்டுக.

பெற்றோர்க்கும் முன்னோர்க்கும் செய்யும் கடன் தெய்வக் கடனோடு ஒத்தது என்பது நம் நாட்டு நெறி. சவ்வாது மலைச் சாரலில் காடு திருத்தியவனும், ஆநிரை மீட்டவனும், அவனோடு நின்ற நாயும் நமக்கு முன்னோர்களே. அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது, மரத்தடியில் நிற்கும் வேடியப்பனின் முன் சிறிது நின்று கைகூப்பிச் செல்வோமாக. அக்கல்லைப் பெற்றவாறே பின்வருவோர்க்கு ஒப்படைப்போமாக.